விதானையின் தேத்தண்ணிப் போத்தல்

இன்று கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளம் பொறியியலாளர் இருந்தார். என்ன வேலை என்று கேட்டேன்.

“சுயாதீனக் கண்காணிப்பு, மாமி. ரோட்டு வேலைய, அதச் செய்யிற கொந்தராத்துக்காரரோட சம்பந்தமில்லாத ஆக்கள் பாக்கணும். இது புது முறை.”

எனக்குச் சுருக்கென்றது.

“எண்பதுகள்லயே எங்கட வாப்பா செஞ்ச வேலைதான் மகன் அது.”

வாப்பா வட்டவிதானை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர். பங்கிடும் நாளில் வயல் சொந்தக்காரரான எந்தப் போடியார் வீட்டிலும் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார்.

வயல் வீதிக்குப் பாலம் கட்டியபோது, வேலையைப் பார்க்க விவசாயிகள் அவரைத்தான் அனுப்பினார்கள். கொந்தராத்துக்காரர் நீட்டிய தேத்தண்ணியைத் தொடாமல், தன் போத்தலோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். கம்பி குறைத்துக் கட்டிய ஒரு தூணை உடைப்பித்து, திரும்பக் கட்டவைத்தார்.

அந்தப் பாலத்தில் இன்றும் நெல் லொறி போகிறது.

சொல்லி முடிக்க, பொறியியலாளரின் போன் அடித்தது. கொந்தராத்துக்காரர் அவருக்குப் பகல் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறாராம். அவர் என்னைப் பார்த்துவிட்டு போனில் சொன்னார்:

“வேணா, நான் சோறு கட்டிட்டு வந்திரிக்கன்.”

அவரிடம் ஒரு பையும் இருக்கவில்லை.

அவர் பாலமுனையில் இறங்கும்போது என் சோற்றுப் பார்சல் அவர் கையில் இருந்தது.

விதானையின் மகள் நான் இப்போது பசியோடு இருக்கிறேன். இதை வாசிக்கிறவர்களே, இன்று யார் வீட்டில் என்ன கறி?