அஞ்சலை சொன்ன பெயர்

போன வெள்ளிக்கிழமை திருவொற்றியூர்க் கோயிலில் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு பெண் என் கையில் தகர வில்லை ஒன்றைத் திணித்துவிட்டு, உள்ளே செருப்பு அடுக்கிக்கொண்டிருந்த கணவனிடம், "குமாரு, தாத்தா செருப்பக் கீய வையி, அப்பால தேடிகினு இருக்க முடியாது" என்றாள். நான் சாமி கும்பிடப் போனவன், வில்லையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பின்னால் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். வியர்வை பட்ட உலோகத்துக்கு ஒரு வாடை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அது ராயபுரத்து வாடை.

ராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கடையின் மாடியில்தான் நான் வக்கீல் பலகை மாட்டினேன். கீழேயிருந்து வரும் தார் வாடை என் கறுப்புக் கோட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கோர்ட்டில் சக வக்கீல்கள் ஒரு நாற்காலி தள்ளியே உட்காருவார்கள். சொத்து வழக்கெல்லாம் மயிலாப்பூருக்குப் போய்விடும். என்னிடம் வந்தவர்கள் கை போனவர்கள், கால் போனவர்கள், ஆளையே பறிகொடுத்த வீட்டார். வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. பேட்டையில் எனக்கு 'சாவு வக்கீல்' என்று பெயர். கல்யாணத்துக்குக் கூப்பிடக்கூடத் தயங்குவார்கள். என் மனைவிக்கு அதில் மகா வருத்தம்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அந்த நாளில் கம்பெனிக்காரர்கள் எண் வெட்டிய பித்தளை வில்லை கொடுத்திருந்தார்கள். வில்லை இருந்தால்தான் மேஸ்திரி வாசலில் விடுவார். ஒருவனுக்கு உடம்பு முடியாவிட்டால் அவன் வில்லையை இடுப்பில் முடிந்துகொண்டு தம்பியோ மச்சானோ போவான். கூலி வீட்டுக்கு வந்தால் சரி. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், கம்பெனிக் காகிதத்தில் மட்டும் கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் கரையோரத்துச் சணல் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை. முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத நிலை. சாம்பலில் கிடைத்த வில்லைகளை வைத்துக் கம்பெனி செத்தவர்கள் பட்டியலை எழுதியது. பட்டியலில் இருந்த வீட்டார் எல்லோரும் என் மாடிப்படி ஏறினார்கள். அதில் அஞ்சலை என்ற பெண், கைக்குழந்தையோடு வந்தாள். கண்ணப்பன் என்பவரின் மனைவி என்று எழுதிக்கொண்டேன். குடியிருந்த இடத்துக்கு வாடகை கட்ட வழியில்லை, ஈடு வராவிட்டால் குழந்தையோடு தெருதான். மற்றவர்கள் அழுதார்கள். அவள் அழவில்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விசாரணை நாள் வந்தது. நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் கமிஷனர் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா. உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? ஒருத்தி ஏழு விரலைக் காட்டினாள். ஏழுமலையைச் சொல்கிறாள் என்று எங்களுக்குப் புரிந்தது. துரை ஏழு குழந்தைகள் என்று எழுதிக்கொண்டார். அப்புறம் கூட வந்தவர்கள் பெயரைச் சொல்வதும் பெண்கள் தலையாட்டுவதுமாக வேலை நடந்தது.

அஞ்சலையின் முறை வந்தது. பெயர் கேட்டதும், "கண்ணப்பன்" என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பளிச்சென்று. எனக்கு ஒரே பெருமை. நம் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த எனக்கு, வீட்டில் நாற்பது தடவை 'இந்தாங்க' என்று கூப்பிடும் மனைவி இருந்தும், உறைக்கவில்லை.

எதிர்க்கட்சி வக்கீலுக்கு உறைத்தது. மெதுவாக எழுந்து, அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். "காலையிலிருந்து வந்தவர்களில் ஒருத்தியாவது புருஷன் பேரைச் சொன்னாளா? இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது? அவன் இவளுக்குப் புருஷன் இல்லை" என்றார். வழக்கைத் தள்ளவேண்டும், மோசடிக்காகப் போலீசில் ஒப்படைக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அஞ்சலை குழந்தையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினேன்.

வராந்தாவில் தலையில் துண்டு போட்டு நின்ற ஒருவன் உள்ளே வந்தான். அவளுக்குத் துணையாக வந்தவன் என்று நினைத்திருந்தேன்.

"சாமி, நான்தான் கண்ணப்பன். அந்த வில்லை என்னுது. எனக்கு ஜொரம், வூட்ல படுத்துகினு இருந்தேன். என் பொஞ்சாதியோட தம்பி எடுத்துகினு போனான். மேஸ்திரிக்கும் தெரியும். இதுக்கு ஒண்ணும் தெரியாது சாமி, ஜெயில்ல போடறதுன்னா என்னிய போடுங்க."

அப்புறம்தான் எல்லாம் விளங்கியது. வேலைக்குப் போன மச்சானின் பெயர் கம்பெனிப் பட்டியலில் இல்லை. அவனுக்கு ஈடு கேட்டால் துரத்திவிடுவார்கள். ஆகவே வீட்டார் கூடிக் கண்ணப்பனையே சாகடித்துவிட்டார்கள். அவன் மனைவியோ, உயிரோடு இருக்கிற புருஷனுக்காகத் தாலியை அவிழ்க்க மாட்டேன் என்றுவிட்டாள். தாலி அறுத்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள், செத்த மச்சானின் மனைவி அஞ்சலை. துக்கம் அவளுடையது, பெயர் மட்டும் வேறு.

துரை தான் எழுதியிருந்த பெயரை அடித்தார். பிறகு, செத்தவன் பெயரை அவளே சொல்லட்டும் என்றார். மற்றவர்களைப்போல இவளும் தலையாட்டினால் போதாதா என்று நான் மன்றாடினேன். ஏற்கனவே ஒரு பெயரைச் சொன்ன வாய் இது, இதையும் அந்த வாய்தான் சொல்லவேண்டும் என்றார் எதிர்க்கட்சிக்காரர். நியாயம்தான். அஞ்சலை குழந்தையைக் கண்ணப்பனிடம் கொடுத்தாள். தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். உதடு இரண்டு மூன்று முறை அசைந்தது.

"மாணிக்கம்" என்றாள். அதுவரை அழாதவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு அதட்டியதும் மென்று விழுங்கி ஒப்புக்கொண்டார். ஈடு கிடைத்தது. கண்ணப்பனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை, ஆனால் துறைமுகத்து வாசலில் மறுபடி விடவில்லை. எண்ணூர் உப்பளத்துக்குப் போனான். வழக்கில் ஜெயித்தவன் நான் என்று பேட்டையில் சொல்லிக்கொண்டார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை, வெட்கக்கேடு.

வருஷங்கள் கழித்து அஞ்சலை மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். சாவு வக்கீலுக்கு வந்த முதல் கல்யாணப் பத்திரிகை அதுதான். மஞ்சள் தடவிய காகிதத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இத்த மட்டும் படிங்க சாமி" என்றாள். மணப்பெண்ணின் தகப்பனார் பெயர் இருந்த இடம். படித்தேன்.

"இன்னொரு தபா" என்றாள். படித்தேன். பத்திரிகையை என் மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

இப்போது அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் இரும்புப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். பித்தளை வில்லை இல்லை. கயிற்றுக் கடையும் என் மாடியும் இல்லை. என்னை 'இந்தாங்க' என்று கூப்பிட்டவளும் போய்ச் சேர்ந்தாள். அஞ்சலையும் போய்விட்டாள். அவள் ஒரே ஒரு முறை சொன்ன அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே, தரிசனம் முடிந்து வந்து வில்லையை நீட்டினேன்.

"மாணிக்கம்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் செருப்பை எடுத்துப் போட்டாள். "மாணிக்கம் இல்ல தாத்தா, எங்க வூட்டுக்காரரு பேரு குமாரு."