தூரத்திலிருந்து எடுத்த படம்

தெருப் படங்கள் எடுக்க லென்ஸ் வாங்கலாமென்று மாத்தளைக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் நீளமான ஒன்றைக் கேமராவில் மாட்டினார்.

"இங்க இருந்தே எடுக்கலாம் தம்பி. ரோட்டுல போற ஆளுக்குத் தெரியவே தெரியாது."

அதுபோன்ற நீளக் குழலை நான் முன்பே பார்த்திருக்கிறேன், எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சின்ன வயதில் ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கும் பச்சைக் கொழுந்தும் சேர்ந்து அவள்மேல் ஒரு மணம் வீசும். மேலே ரோட்டில் வேன் நின்றது. இறங்கிய வெள்ளைக்காரர் குழலை எங்கள் பக்கம் திருப்பினார். அம்மா முகத்தைத் துடைத்துத் தலைத்துண்டைச் சரிசெய்வதற்குள் வேன் போய்விட்டது.

"கிட்ட வந்திருந்தா சிரிச்சிருப்பேனே" என்றாள்.

அதன் பிறகு வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலைத்துண்டைச் சரிசெய்துகொள்வாள். யாரும் இறங்கவில்லை.

பக்கத்தில் போனால் மட்டுமே முகம் சரியாக விழுகிற சின்ன லென்ஸைக் கேட்டேன். கடைக்காரர் எடுத்துத் தந்தார். இனி யாருடைய பக்கத்தில் போவது? அம்மா இல்லை. வீட்டில் இருப்பது அவளுடைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதுவும் "சிரிக்காதீங்க" என்று சொல்லி எடுத்தது.