டீ ஊற்றிப் பார்த்த கப்

என் மனைவியின் அண்ணனுக்கு நான் இருபதாயிரம் கடன்பட்டிருந்தேன். அதில்தான் என் முதல் பேப்பர் கப் மெஷினைப் பழசாக வாங்கிப் போட்டேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று என் கொட்டகையில் நான்கு மெஷின் ஓடுகிறது. இந்த ஊரில் யார் ஐஸ்கிரீம் வாங்கினாலும் என் கப்பில்தான் தின்றாக வேண்டும். இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது மச்சானைப் பற்றி.

தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் விற்றுக் காசு சேர்த்தவர் அவர். பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை பிடித்தார். ஃப்ரீசரை வைத்த பிறகு ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும்.

"கடன் கேக்கிறவன் உள்ள வர முடியாது மாப்ள. அதுவே பெரிய லாபம்" என்பார்.

கடை பிடித்த புதிதிலேயே ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு மொத்த ஆர்டர் கிடைத்தது. அந்தப் பணம் வந்தால்தான் வாடகை பாக்கி அடையும். கப் என் பொறுப்பு. அதுவரை நான் டீ கப் மட்டுமே போட்டவன். அதே தாளில் கொஞ்சம் குட்டையாக அடித்தேன். அனுப்பும் முன் இருவருமாகச் சோதித்தோம். எப்படி? கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றி வைத்து, முழுதாக ஆறும்வரை காத்திருந்து, அடியைத் தடவிப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை.

"இந்தச் சூட்டையே தாங்குது. பச்சப்புள்ள ஐஸ்கிரீமத் தாங்காதா?" என்று சிரித்தார் மச்சான்.

டீ கப்புக்கு உள்பக்கம் மட்டும்தான் நீர் ஊறாத பூச்சு. ஐஸ்கிரீம் கப்புக்கு வெளியேயும் வியர்க்கும் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. ஃப்ரீசரிலிருந்து வெயிலுக்கு வந்ததும் கப்பெல்லாம் நனைந்து தொளதொளத்துவிட்டன. பிள்ளைகளின் விரல் கப்பைத் துளைத்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்தார் காசு தர மறுத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து மச்சான் கொட்டகைக்கு வந்தார். அதற்குள் நான் இரண்டு பக்கமும் பூசிய தாள் விற்கும் இடத்தைத் தேடிப் பிடித்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் அவரைத் தாள் உருளைமேல் உட்கார வைத்து, மெஷினை ஓட்டிக் காட்டி, மூச்சு விடாமல் பேசினேன். அவர் புதுக் கப் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"நல்லாருக்கு மாப்ள" என்றார். தண்ணீர் குடித்தார். போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "அண்ணனுக்குப் பணம் குடுத்தீங்களா?"

"எந்தப் பணம்?"

"வாடகை பாக்கிக்காகக் கடையப் பூட்டப் போறாங்களாம். அதைக் கேக்கத்தானே வந்தாரு."

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை மிதித்தேன். கடையை வாடகைக்கு விட்டவர் பூட்டைத் தொங்கவிட்டிருந்தார். மச்சான் வாசலில் ஃப்ரீசரோடு நின்றார்.

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே மச்சான். மெஷினை வித்தாவது குடுத்திருப்பேனே."

"அதான் கேக்கல. ஓடுறது ஓடட்டும்."

அதன்பின் அவருக்குக் கடை அமையவே இல்லை. அடுத்தவர் கடைகளில் நின்று ஐஸ்கிரீம் அள்ளிப் போட்டே வயதாகிவிட்டது. அள்ளிப் போட்டதெல்லாம் என் கப்பில். நான் எத்தனையோ முறை பணத்தை நீட்டினேன். "அவசரம்னா நானே கேக்கறேன்" என்று தட்டிக் கழித்தார். நான் மெஷின்மேல் மெஷின் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கொட்டகைக்கு வந்தார், பொக்கை வாயோடு.

"மாப்ள, அந்தப் பணம் வேணும். பல்லு கட்டணும்."

"ஐஸ்கிரீம் விக்கிறவருக்குப் பல்லு எதுக்கு மச்சான்?"

"காலமெல்லாம் மெத்துனு இருக்கறதையே தொட்டாச்சு. இனிமேலாவது எதையாவது கடிக்கலாம்னுதான்."

பெட்டியிலிருந்து பெரிய கட்டாக எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"நான் குடுத்தது இருபது. இருபது போதும். அன்னைக்கு அது ஒரு கடை. இன்னைக்கு ஒரு செட்டு பல்லு."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நோட்டுகளைக் கொடுத்தேன். அவற்றைப் பிரிக்க அவர் விரல்கள் தடுமாறின. காலமெல்லாம் ஃப்ரீசருக்குள் இருந்து நுனியெல்லாம் மரத்துப்போன விரல்கள்.

"ஒன்னா ரெண்டான்னு தெரிய மாட்டேங்குது. நீயே எண்ணி வை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் உள்ளங்கையை நீட்டினார்.

மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் வைத்தேன்.