காணாமல் போன கொடுவாத் துண்டு

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் இயக்கிய முதல் படம் ஒரு டார்க் காமெடி. வெள்ளம் சூழ்ந்த வீட்டில் ஒரு குடும்பம் மாட்டிக்கொள்கிறது. சாப்பிட மிச்சம் இருப்பது வறுத்த கொடுவா மீன் ஏழு துண்டு. ஆளுக்கு ஆள் திருடித் தின்றுவிட்டு, யார் தின்றது என்று ஒருவர் கையை ஒருவர் மோந்து பார்ப்பார்கள். காரைக்கால் பக்கம் நெரவியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் படம் எடுத்தோம். நான் உதவி இயக்குநர். எந்த ஷாட்டில் தட்டில் எத்தனை துண்டு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் வேலை.

"மீன்னா சாப்பாடுன்னு நெனைக்காதே," என்றான் நண்பன். "அந்த வீட்டுல ஒருத்தர் மேல ஒருத்தருக்கு மிச்சம் இருக்கிற நம்பிக்கை அது. அது கொறையறப்பதான் ஜனங்க சிரிப்பாங்க."

புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஐந்து துண்டு வைத்த தட்டில், விளக்குகளை இடம் மாற்றி முடிப்பதற்குள் நான்குதான் இருந்தன. பூனை வர வழியில்லை, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இன்னொரு துண்டு வைத்தோம். மதியத்துக்குள் அதுவும் போயிற்று. அதன்பிறகு நான் எல்லோருடைய வாயையும் பார்க்க ஆரம்பித்தேன். ஒளிப்பதிவாளர் எதையோ மென்றார். பாக்கு என்றார். மேக்கப் போடுபவர் ஏன் கைப்பையை மடியைவிட்டு இறக்கவேயில்லை?

கடைசியில் என் சந்தேகம் மாமனாராக நடித்தவர் மேல் போய் நின்றது. திருவேட்டக்குடிக்காரர், பல வருஷம் கடலுக்குப் போனவர், நடிப்புக்குப் புதிது. தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நான் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்தார்.

"ஐயா, கையைக் கொஞ்சம் காட்டுங்க," என்றேன். எல்லோரும் திரும்பினார்கள்.

அவர் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க தம்பி."

மோந்து பார்த்தேன். மீன் வாசம் அடித்தது.

"பொறந்ததுலேர்ந்து இந்த வாசந்தான். இத வச்சு என்னத்தக் கண்டுபுடிப்பீங்க?"

காரைக்கால் டவுனிலிருந்து சமைக்க வந்திருந்த அக்கா அடுப்படியைவிட்டு வெளியே வந்தார். "அவர விடுங்க. மருமவளா நடிக்கிற பொண்ணுதான் எடுத்துச்சு. நா பாத்தேன், பாத்துட்டு சும்மா இருந்தேன். மூஞ்சியில பசி தெரியணும்னு மூணு நாளா அதுக்கு டீயும் பிஸ்கட்டும்தானே குடுக்கச் சொன்னீங்க? அது கை நடுங்குது. நீங்க மீன எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க."

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. பட்டினி போடச் சொன்னது நண்பன். அதை அடுப்படியில் போய்ச் சொன்னது நான். அவன் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு அவளுக்குச் சோறு போடச் சொன்னான்.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடுங்க," என்றார். மறுநாளிலிருந்து வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். வயிறு சரியில்லை என்று சொன்னதை நான் நம்பவில்லை.

படம் முடிந்து காரைக்காலில் ஒரு மண்டபத்தில் திரையிட ஏற்பாடானபோது, அவரைக் கூப்பிட நானே போனேன். அவர் மனைவி வாசலிலேயே நின்று, "ஊருக்குப் போயிருக்காங்க. வந்தா சொல்றேன்," என்றார். படியோரம் பெரியவருடைய செருப்பு கிடந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.