வெல்டு வைக்காத நாலு ஜாயின்ட்

எங்க அக்காவுக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வந்துடும். பைப் விக்கிறவன் போன்ல "ஹலோ" சொன்ன தோரணை பிடிக்கலைன்னு அரை மணி நேரம் சண்டை போட்ட ஆளு நான். அக்கா அப்படியில்ல. வேலை சொதப்பினா ஒரு வார்த்தை பேசமாட்டா. முகக்கவசத்தை மாட்டிக்கிட்டு முதல்லருந்து ஆரம்பிச்சுடுவா.

பதினஞ்சு வருஷம் பால் ஃபேக்டரியில ஸ்டெயின்லெஸ் பைப் வெல்டிங் பண்ணவ. அங்க வெல்டோட உள்பக்கம் வழுவழுன்னு இருக்கணும். துளி மேடு பள்ளம் இருந்தாலும் பால் தங்கிக் கெட்டுப்போகும். அதனால உள்பக்கம் கருகாம இருக்க, பைப்புக்குள்ள ஆர்கான் கேஸை நிரப்பிக்கிட்டுத்தான் வெளியே பத்தவைப்பாங்க. ஒரு சொட்டு கசிஞ்சாலும் மொத்த லைனையும் நிறுத்திட்டு, யார் வெச்ச ஜாயின்ட்னு ஆளைத் தேடுவாங்க. அக்கா வெச்சதுன்னு ஒருநாளும் வந்ததில்ல.

அப்படிப்பட்டவ திடீர்னு ஒருநாள், "நேர் பைப்பையே எத்தனை வருஷம்டா ஒட்டிக்கிட்டிருப்பேன்?"னு கேட்டுக்கிட்டு என் எஞ்சின் ஷெட்டுக்கு வந்து நின்னா. மூணு மாச லீவு போட்டிருந்தா. "மூணு மாசத்துல ரேஸ் கார் ஹெட்டர் என் கைக்கு வசப்பட்டா இங்கயே இருப்பேன். இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு ஃபேக்டரிக்குத் திரும்பிடுவேன்"னா. அவ புருஷன், எங்க மாமாவும் அதே ஃபேக்டரிதான், பேக்கிங் பக்கம். அவர் சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. அந்த மனுஷன் எதுக்குத்தான் வாயைத் திறந்திருக்கார்?

முதல் கார் ஒரு பல் டாக்டரம்மாவோடது. வாரம் பூரா பல்லைப் பிடுங்குவாங்க, ஞாயித்துக்கிழமையானா ரேஸ் ஓட்டுவாங்க. எஞ்சின்ல புகை வர்ற நாலு ஓட்டைலருந்து நாலு பைப் கிளம்பி, கீழே ஒரே வாயில சேரணும். அதுதான் ஹெட்டர். நாலும் ஒரே நீளம் இருந்தாதான் புகை ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம வெளியேறும், வண்டி பறக்கும். ஆனா இடம்? ஸ்டியரிங் தண்டு ஒருபக்கம், பிரேக் பைப் ஒருபக்கம், கையை விட்டா திரும்ப எடுக்க முடியாது. அக்கா முதல்ல கம்பியை வளைச்சு ஒவ்வொரு பைப்புக்கும் வழி பார்த்தா. அப்புறம் பைப்பைத் துண்டு துண்டா சாய்வா வெட்டி, அங்கங்க பொட்டு மாதிரி வெல்டு வெச்சு நிறுத்தி, கழட்டி, முழுசா ஒட்டினா. பதினோரு நாள். முடிச்சு வெச்சப்ப பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. எனக்குத் தலைகால் புரியலை.

முதல் ரேஸ்லயே, ஏழாவது ரவுண்டுல விரிசல் விட்டுடுச்சு.

லாரியில ஏத்திக்கிட்டு வந்து இறக்கினாங்க வண்டியை. மூணாவது பைப்புல, எஞ்சினை ஒட்டி, நகம் போகிற அளவுக்கு வெடிப்பு. நான் உடனே பைப் விக்கிறவனுக்குப் போன் போட்டு அவன் பரம்பரையையே இழுத்தேன். டாக்டரம்மா, "அடுத்த ரேஸுக்காவது தாங்குமா?"ன்னு கேட்டாங்க. "தாங்கும்"னு நான் சொன்னேன், அக்கா சொல்லலை. இன்னும் கனமான பைப்பு வாங்கி ரெண்டாவது செஞ்சா. அது ரேஸுக்கே போகலை. ஓட்டிப் பார்க்கும்போதே அதே இடத்துல கிழிஞ்சுது.

"ரெண்டு வாரத்துல கடைசி ரேஸ்"னாங்க டாக்டரம்மா. "இன்னொரு தடவை பாருங்க. அதுவும் போச்சுன்னா ரெடிமேடு வாங்கி மாட்டிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க." அந்த ரேஸுக்கு மறுநாள் அக்காவோட லீவு முடியுது. ஃபேக்டரி மேனேஜர் தினமும் மாமாகிட்ட கேக்குறாராம், அவங்க வர்றாங்களா இல்லையான்னு.

அக்கா டாக்டரம்மாகிட்ட பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கடன் வாங்கி, பைப்புக்குள்ள விட்டுப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா.

"வெல்டு நல்லாத்தான்டா இருக்கு. வெல்டுக்குப் பக்கத்துல கிழிஞ்சிருக்கு. யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி."

"யாரு இழுப்பா? பேயா?"

அக்கா அறுக்கிற மெஷினை எடுத்தா. நாலு பைப்பும் சேர்ற வாயை அப்படியே அறுத்து எடுத்துட்டா. மிச்சத்தை எஞ்சின்ல மாட்டி, ஒவ்வொரு பைப் முனைக்கும் எதிர்ல ஒரு கம்பியைத் தொடுற மாதிரி நட்டு வெச்சா. "ஸ்டார்ட் பண்ணு."

வாய் திறந்த நாலு பைப்! அந்தச் சத்தத்துல எதிர் தையல் கடைக்காரர் கத்திரிக்கோலோட வெளியே ஓடி வந்தார். கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்திட்டுக் குனிஞ்சு பார்த்தா, ஒரு முனையும் கம்பி பக்கத்துல இல்ல. ஒண்ணு கீழே, ஒண்ணு முன்னால, நாலும் நாலு திசைக்குப் போயிருந்துச்சு.

அக்கா அப்படியே தரையில உட்கார்ந்து சிரிச்சா. "பால் பைப்பு வெச்ச இடத்துல கிடக்கும்டா. இது சூடாக ஆக நீளுது. நான் என்ன பண்ணேன்? ஒரு சொட்டு கசியக் கூடாதுன்னு நாலையும் சேர்த்து ஒட்டிட்டேன். போக வழியில்லாம தன்னைத்தானே கிழிச்சுக்குது."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வேற ரேஸ் கார்கள்ல பார்த்திருக்கேன். சேர்ற இடத்துல ஒட்டாம, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி ஸ்பிரிங் மாட்டியிருப்பாங்க. சோம்பேறிப் பசங்க வேலைன்னு கிண்டல் கூடப் பண்ணியிருக்கேன். அதைச் சொன்னேன்.

"இதை இப்ப சொல்றியாடா பாவி!"ன்னு கையுறையைக் கழட்டி என் மேல எறிஞ்சா. எனக்குத் தேவைதான்.

மூணாவது ஹெட்டர் எட்டு நாள்ல எழுந்துச்சு. சொருகுற இடத்தைக் கடைஞ்சு கடைஞ்சு, முடி நுழையாத அளவுக்குக் கொண்டு வந்தா. எல்லாம் முடிஞ்சு மிச்சம், ஸ்பிரிங் மட்டும் மாட்டின அந்த நாலு ஜாயின்ட்தான். வெல்டிங் டார்ச்சைக் கையில பிடிச்சுக்கிட்டு அதையே முறைச்சுக்கிட்டு நின்னா. பதினஞ்சு வருஷத்துல ஒரு ஜாயின்ட்டை ஒட்டாம விட்டதில்லையே அவ!

"தம்பி, கை சும்மா இருக்க மாட்டேங்குது. கேஸை மூடு."

"நீயே மூடேன்."

"என்னால முடியலைடா. மூடு!"

மூடினேன்.

ரேஸ் அன்னிக்குச் சோதனை அதிகாரி காருக்கு அடியில படுத்து ஹெட்டரைப் பிடிச்சு ஆட்டினார். லேசா அசைஞ்சுது. "யாரும்மா இதை ஒட்ட மறந்தது?"

"மறக்கலைங்க. நான்தான் ஒட்டாம விட்டேன்"னா அக்கா. ஒட்டினா என்னாகும்னு விளக்கிச் சொன்னா. குரல் நடுங்கவே இல்ல. அவர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். முதல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு கசிஞ்சுது, சூடானதும் அடங்கிடுச்சு. ரேஸுக்கு விட்டுட்டார்.

இருபது ரவுண்டு. ஏழாவது ரவுண்டுல நான் கண்ணை மூடிக்கிட்டேன். டாக்டரம்மா அஞ்சாவதா வந்தாங்க. எவன் முதல்ல வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

வண்டி ஆறுற வரைக்கும் அக்கா பக்கத்துலயே நின்னா. அப்புறம் டார்ச் லைட்டோட அடியில போனா. ஒவ்வொரு வெல்டா விரலால தடவிப் பார்த்தா. வெளியே வந்தவ முகத்துல ஒரே கரி.

"ஒண்ணுமில்லடா. ஒரு கீறல்கூட இல்ல."

நான் வெட்கமில்லாம அழுதேன். அவ அழலை. ரேஸ் பார்க்க வந்திருந்த மாமா பக்கம் திரும்பி, "நாளைக்கு மேனேஜர்கிட்ட, நான் வரலைன்னு சொல்லிடுங்க"ன்னா.

மாமா கையை நீட்டினார். "ஃபேக்டரி லாக்கர் சாவியைக் குடு. உன் சாமானை நானே எடுத்துட்டு வந்துடறேன். வேற யாரும் கை வைக்க வேண்டாம்."

பதினஞ்சு வருஷம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வேலைக்குப் போய் வந்தவங்க. இந்த மூணு மாசம் மாதிரியே இனி எப்பவும் அவர் மட்டும்தான் போவார். அக்கா சாவியை அவர் கையில வெச்சுட்டு, அந்தக் கையை விடாம பிடிச்சுக்கிட்டு நின்னா.