ஏணியின் கீழ்ப்படியில் ஒரு கால்

என் முகத்தைவிட என் குதிகாலை அதிகமாகப் பார்த்தவள் ஒருத்தி உண்டு. இதை என் மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். "அந்தக் குதிங்காலப் பாத்துமா ஒருத்தி அஞ்சு மாசம் நின்னா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அதற்கு மேல் விசாரணை இல்லை.

எழுபதுகளின் நடுவில் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி சரக்கு வைக்கும் கிட்டங்கியில் எனக்குக் குமாஸ்தா வேலை. மாடியில் வடக்குப் பார்த்து ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சன்னல். திறக்க முடியாது. காற்று வந்தால் காய்த்தூசி பறக்கும், வெளிச்சம் மட்டும் வந்தால் போதும் என்று சட்டத்தில் கண்ணாடியைப் பதித்துக் கட்டியது. அந்த வெளிச்சத்தில்தான் மலையிலிருந்து வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயை நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். கண்ணாடி மங்கினால் பச்சைக்காயும் பழுப்பாகத் தெரியும். பக்கத்திலோ ஒரு மாவு மில். ஆறே நாளில் கண்ணாடிக்குத் திருநீறு பூசிவிடும். ஆகவே சனிக்கிழமைதோறும் வெளிப்பக்கம் ஏணி போட்டு யாராவது துடைக்க வேண்டும்.

யாராவது என்றால் நான்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று, "மரம் ஏறுவியா?" என்று முதலாளி கேட்டார். தென்னையே ஏறுவேன் என்றேன். நான் ஏறிய ஒரே மரம் எங்கள் வீட்டு முருங்கை. அதுவும் பாதியில் முறிந்துவிட்டது.

சன்னலுக்குக் கீழே ஒரு சந்து, சுவரிலிருந்து நாலடி தள்ளிச் சாக்கடை. சாக்கடைக்கு இந்தப் பக்கம் ஏணியை வைத்தால் விறைப்பாக நின்று ஆளைப் பின்னால் தள்ளப் பார்க்கும். அந்தப் பக்கம் வைத்தால் படுத்துக்கொள்ளும். சரியான இடம் சாக்கடையை மூடிய பாசிக்கல். போதாக்குறைக்குச் சன்னலின் வலது பாதிக்குக் கீழே பின்வாசலின் தகரச் சாய்ப்பு. அங்கே ஏணி போட இடமில்லை. இடது பக்கம் ஏறி, எட்டித்தான் துடைக்க வேண்டும்.

ஏணியைப் பிடிக்கச் சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். பிடிப்பார், வெற்றிலை ஞாபகம் வந்ததும் விட்டுவிடுவார். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வெற்றிலைக்குப் பதிலாக லாரி வந்தது. அவர் போனது எனக்குத் தெரியாது. வலது மூலைக்கு நான் எட்டிச் சாய்ந்தபோது ஏணியின் கால் பாசியில் வழுக்கியது. முறத்தை உதறப் பின்வாசலுக்கு வந்த ஒருத்தி, முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஏணியைக் கட்டிப்பிடித்தாள். நான் மேலே சன்னல் சட்டத்தைக் கட்டிப்பிடித்திருந்தேன்.

"எறங்குங்க சார்."

"இந்த ஒரு மூலைய மட்டும்..."

"மதி. எறங்குங்க."

மதி என்றால் போதும் என்று அர்த்தம். அவள் ஊர் குமுளிக்கு அந்தப் பக்கம். மலையாளம் பேச்சில் தானாக வந்து விழும். கால் தரையில் பட்டதும் எனக்குப் பாடம் ஆரம்பித்தது.

"ஏணிக்கால்ல வெரல ஒட்டி நில்லுங்க. கைய நேரா நீட்டுங்க. படி உள்ளங்கையில தட்டுதா? தட்டலேல்ல. அப்பச் சரிவு சரியில்ல. ஏறுனா நெஞ்சு ரெண்டு மூங்கிலுக்கும் நடுவுலயே இருக்கணும். எட்டலேன்னா எறங்கி ஏணியத் தள்ளிப் போடணும். ஆளு சாயப்படாது."

"அங்கன தகரம் இருக்கே?"

"இருந்தா அந்த மூலை அழுக்காவே கெடக்கட்டும். எங்க அப்பா ஒரு கொத்து மொளகுக்குச் சாஞ்சுதான் விழுந்தாக. இப்ப வாசல் வரைக்கும்தான் நடக்காக."

ஒரு கொத்து என்றபோது அஞ்சு விரலையும் குவித்துக் காட்டினாள். எதற்கும் ஒரு வேடிக்கைப் பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்குத் துடைக்கும் துணியைப் பிழிந்தேன். அவளே பேச்சை மாற்றி, என் பெல்பாட்டத்தைப் பார்த்தாள். அந்தக் காலத்து பெல்பாட்டம் ஒன்றில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். "இதோட ஏறுனா ஏணிக்கே காலு தடுக்கும்" என்று மூட்டை தைக்கும் சணலை நீட்டினாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டேன். கட்டிய கோழிபோல ஏறினேன்.

சுமை தூக்கும் அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "ஏத்தா, இனிமே நீயே பிடி. எனக்கு இடுப்பு வலி" என்று ஒதுங்கிக்கொண்டார். அப்படித்தான் சனிக்கிழமைகள் எங்களுக்குக் கிடைத்தன. ஓர் ஆணும் பெண்ணும் சந்தில் நின்று பேசினால் போடியே பேசும். ஒருவர் ஏணி உச்சியிலும் ஒருவர் அடியிலும் இருந்தால் அது வேலை.

வலது காலைக் கீழ்ப்படியில் அழுத்தி, இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்திருப்பாள். மேலிருந்து எனக்குத் தெரிவதெல்லாம் அவள் வகிடு. அவளுக்குத் தெரிவது என் குதிகால். "மழையில்லாத வருசத்துக் கம்மா மாதிரி வெடிச்சுக் கெடக்கு சார் ஒங்க காலு" என்பாள். அவள் காலை மாற்றி வைத்தால் மூங்கில் வழியாக அது என் உள்ளங்காலுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை: அதற்காகவே துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்திருக்கிறேன். போடியில் வேறெந்தக் கண்ணாடியும் அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

மாசியில் காய் வரத்து நின்றுவிடும். ஜீப் வந்து அந்தப் பெண்களை மலைக்கு ஏற்றிப் போகும். அதற்குள் அவளிடம் கேட்டாக வேண்டும். எங்க ஆத்தாவ ஒங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா? ஐந்தே வார்த்தை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை வாயில் வைத்துக்கொண்டு ஏறுவேன். உச்சிக்குப் போனதும் அது ஒரு வேடிக்கைக் கதையாக மாறி வெளியே வரும்.

தையில் ஒருநாள் முருங்கைக் கதையைச் சொன்னேன். "மரம் முறிஞ்சு நான் விழுந்தேனா, எங்க ஆத்தா ஓடி வந்துச்சு. 'ஐயோ, காய்க்கிற மரமாச்சே'ன்னு மரத்தத்தான் தூக்குச்சு."

அவள் சிரிப்பதற்குள் நானே சிரித்துவிட்டேன். என் நகைச்சுவையை என்னைப்போல ரசித்தவன் எவனுமில்லை. சிரித்த சிரிப்பில் ஏணி குலுங்கி, அதன் கால் கல்லிலிருந்து நழுவி அவள் இடது காலில் இறங்கியது. கத்தவில்லை. மூங்கிலை விடவும் இல்லை. "மொதல்ல நீங்க எறங்குங்க" என்றாள். நான் இறங்கிய பிறகுதான் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது.

அன்று சாயங்காலமே கொல்லன் பட்டறைக்குப் போனேன். ஏணி உச்சிக்கு இரண்டு கொக்கி, சன்னலுக்குக் கீழே சுவரில் பதிக்க இரண்டு இரும்பு வளையம். அடுத்த சனிக்கிழமைக்குள் கொத்தனாரைப் பிடித்து வேலையை முடித்தேன். இனி அவள் விரலில் எதுவும் விழாது. அதோடு நம் மூளையையும் அவள் பார்க்கட்டும் என்று ஓர் ஆசை.

கொக்கியை வளையத்தில் மாட்டிவிட்டு, "ஆட்டிப் பாரு" என்றேன். ஆட்டினாள். கீழ்ப்படியில் காலை வைத்து அழுத்தினாள். ஏணி அசையவில்லை.

"ஆடல" என்றாள். காலை எடுத்துவிட்டாள். "அப்ப ஆளு வேண்டியதில்ல."

முதலாளி வந்து பார்த்தார். "பரவாயில்லையே, ஒனக்கும் மூளை இருக்கு. ஏத்தா, நீ மேல போயி காயப் பொறுக்கு." பாராட்டு கிடைத்த பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்வாசல் படியில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் ஏணி கோயில் தூண்போல நின்றது. உள்ளங்காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சன்னலுக்கு முதுகு காட்டிய வரிசையில் அவள் உட்கார்ந்திருப்பாள். துடைக்கத் துடைக்க அவள் பின்னல் தெளிவாகத் தெரியும்.

கடைசி நாளும் சனிக்கிழமையாக வாய்த்தது. ஜீப் நாலு மணிக்கு என்றார்கள். அதற்குள் துடைத்து முடித்து, கீழே வைத்துக் கேட்டுவிடலாம் என்று ஏறினேன். இரண்டு மணிக்கே வாசலில் ஹாரன் கேட்டது. உள்ளே பெண்கள் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவள் மட்டும் சன்னலருகே வந்து நின்றாள். இடையில் ஒரு கண்ணாடி. அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

கேட்டேன். ஐந்து வார்த்தையையும் கேட்டேன். மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. காதில் கைவைத்துக் காட்டினாள், கேட்கவில்லை என்று. இன்னும் சத்தமாகக் கேட்டேன். தலையை ஆட்டினாள், கேட்கவில்லை. மறுபடி ஹாரன். 'இரு, வாரேன்' என்று சைகை காட்டிவிட்டு, தகரச் சாய்ப்பில் குதித்து அங்கிருந்து தரைக்குக் குதிக்கலாம் என்று ஒரு காலை வெளியே நீட்டினேன். அவள் கண்ணாடியில் பட்டென்று அடித்தாள். விரலை ஆட்டினாள், கூடாது என்று.

குதிக்கவில்லை. அவள் சொல்லித் தந்தபடியே வாளியை முதலில் கயிற்றில் இறக்கினேன். ஏணியைப் பார்த்து, ஒவ்வொரு படியாக, கை விடாமல் இறங்கினேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். சந்து வழியாகச் சுற்றி வாசலுக்கு ஓடியபோது ஜீப்பின் புழுதிதான் நின்றது.

அடுத்த சீசனுக்கு மற்றவர்கள் வந்தார்கள். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அது பிறகு தெரிந்த சங்கதி. அன்றைக்கு நான் சந்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் ஏறினேன். அவள் ஊருக்குப் போகும் சாலை அங்கிருந்து தெரியும் என்று ஒரு நினைப்பு. மேற்கே மலை தெரிந்தது. சாலை தெரியவில்லை. சாய்ந்து பார்த்தேன், நெஞ்சு மூங்கிலைத் தாண்டிப் போனது. அப்போதும் தெரியவில்லை.

"ஏலே, கண்ணாடியத்தான் தொடச்சாச்சே. இன்னும் அங்கன என்ன பண்ற?" கீழே சுமை தூக்கும் அண்ணன்.

"ஒரு எடம் விட்டுப்போச்சுண்ணே."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். ஏணி கொக்கியில்தான் மாட்டியிருந்தது. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, கீழ்ப்படியில் ஒரு காலை வைத்து, மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கும்வரை அவர் எங்கேயும் போகவில்லை.