பாப்பாவுக்கு எடுத்துவைத்த மீன்

1. அம்மா இறந்தார்.
2. எர்ணாவூரில் மீன் விற்கும் ஒரு பெண் என்னை வளர்க்க அழைத்துப்போனார்.
3. தங்கையை மாதவரத்தில் வேறொரு குடும்பம் எடுத்துக்கொண்டது.

இன்று தொழிற்சாலை கேன்டீனில் மீன் வறுக்கும் வாசனை வந்ததும், எர்ணாவூர் வீட்டின் முதல் சாப்பாடு நினைவுக்கு வந்தது. அன்று சங்கரா மீனில் முள் எடுத்து, சதையைத் தட்டின் ஓரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாடி, எனக்கு ஊட்டிவுடப் போறியா? நீ துன்னு,” என்று சிரித்தார் அந்த அம்மா.

“பாப்பாவுக்கு. அவளுக்கு முள் எடுக்கத் தெரியாது,” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். மீனை டப்பாவில் போட்டுக்கொண்டு என்னைப் பஸ்ஸில் மாதவரம் கூட்டிப்போனார்.

“இப்பத்தான் அழுகைய நிறுத்திச்சு. உங்களப் பாத்தா மறுபடி அழும்,” என்று அந்த வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது தங்கை எப்போதாவது ஃபோன் செய்கிறாள். வெளியாளிடம் பேசுவதுபோல ‘நீங்க’ என்கிறாள். நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.